காயப் பங்கு

“டமார்!”

மேட்டுக் காட்டிலிருந்து வந்த வெடிச் சத்தத்தில் பலா மரத்துக் கிளிகள் கூட்டமாய்க் கிளம்பிப் பறந்தன. அத்தாயியின் கையிலிருந்த அகப்பை கூழ்ச் சட்டிக்குள் விழுந்தது.

அவளைவிட அதிகம் பதறியது சூரன்தான். அடுப்போரம் கோணிச் சாக்கில் கிடந்த அந்தக் கிழட்டு நாய் இரண்டு மழைக்காலமாய் யாராவது தூக்கி நிறுத்தாமல் எழுந்ததில்லை. இப்போது தானாக எழுந்து நின்றது. கண் இரண்டும் பூ விழுந்து வெளுத்திருந்தன. பின்னங்கால் ஒன்று பன்றி கிழித்ததில் சூம்பிப் போயிருந்தது. மீதிக் கால்கள் மூன்றும் வெடவெடவென்று நடுங்க, மூக்கைக் காற்றுக்கு நீட்டிக்கொண்டு ஒரு முனகல் முனகியது. வேட்டைக்குப் போக வேண்டுமாம்!

“படுடா சாமி. உன்னை எவன் கூப்பிட்டான்?” என்றாள் அத்தாயி.

வாசலில் கிடந்த மொட்டையும் கட்டாரியும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டன. மொட்டைக்கு வால் இல்லை, காதும் கேட்காது. கட்டாரிக்கு ஒரு காலத்தில் கத்தி போலப் பல்; இப்போது வாய்க்குள் வெறும் ஈறு. மூன்றும் மலைமேல் குண்டூர் நாடு முழுக்கப் பெயர் வாங்கிய வேட்டை நாய்கள். மூன்றையும் மூன்று வீட்டார் துரத்தியடித்திருந்தார்கள்.

வேட்டை நாயை அடித்துக் கொன்றால் மலைத் தெய்வம் பெரியசாமிக்கு ஆகாத குற்றம். ஆனால் சோற்றை நிறுத்திவிட்டு, திரும்பி வரும்போதெல்லாம் கல்லால் எறிந்தால் குற்றமில்லை. இப்படி ஒரு நியாயத்தை மலையில் எவனோ கண்டுபிடித்து வைத்திருந்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அத்தாயிக்குக் காந்தாரி மிளகாயைக் கடித்தாற்போல உச்சிவரை எரியும். அவனைத் தேடிப் பிடித்துப் பட்டினி போட்டு, அவன் மேலும் நாலு கல் எறிய வேண்டும் என்பாள்.

“நாய்க்கு வாக்கப்பட்டவ” என்று ஊர் அவளுக்குப் பெயர் வைத்திருந்தது. புருஷன் காய்ச்சலில் போனபின் பிள்ளை குட்டி இல்லாத வீடு. மலை வாழைத் தாரும் தேனும் தலையில் சுமந்து அடிவாரத்துச் சந்தைக்கு இறங்குவாள். கேழ்வரகாக மாற்றிக்கொண்டு ஏறுவாள். அந்தக் கேழ்வரகுதான் நாய்களுக்கு. எலும்பு கிடைத்தால் அரை நாள் கொதிக்கவிட்டுச் சாறெடுப்பாள். கறி கிடைத்தால் உரலில் இடித்துக் கூழில் கரைத்து விரலால் ஊட்டுவாள். புண்ணுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும். சூரன் தடுமாறி நெருப்பில் விழாமலிருக்க அடுப்பைச் சுற்றி மூங்கில் தட்டி.

அது பட்டணத்துக்காரர்கள் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊர் ஊராய் ஓடிய வருஷத்துக்கு அடுத்த வருஷம். கீழே கேழ்வரகு கண்ணில் காணக் கிடைக்கவில்லை. மூட்டை மூட்டையாய்ச் சண்டைக்குப் போகிறதாம். மேலே சூறைக் காற்றில் வாழை சாய்ந்தது. இருந்த சாமையைப் பன்றி உழுதுவிட்டுப் போனது. அடுப்பில் கொதித்தது கடைசிக் கூழ். நாளைக்குச் சட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான்.

வெடிச் சத்தம் கேட்டால் பன்றி விழுந்தது என்று அர்த்தம். வெடிமருந்து கிடைக்காத காலத்தில் ஊர்க்கவுண்டர் சும்மா சுடமாட்டார். நாய்கள் வளைத்து நிறுத்திய பின்தான் சுடுவார்.

அத்தாயி பெரிய மண் சட்டியை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். புருஷன் போனபின் யாரிடமும் எதற்கும் கை நீட்டாதவள், இன்றைக்கு எலும்பு கேட்கக் கிளம்பினாள்.

பங்குப் பாறை அவள் கொட்டாய்க்கு எதிரேதான். நடுவில் ஒரு சாமைக் காடு. யானை படுத்தாற்போன்ற பாறை. மேலே ஆண்கள் மட்டும் ஏறலாம். வேட்டைக்குப் போன நாய்கள் ஏறலாம். பெண்கள் கீழே கூடையோடு நிற்க வேண்டும். பாறையில் நாயைக் கையோங்கி அடித்தவனுக்கு அன்றைய பங்கு கிடையாது. இதெல்லாம் பாட்டன் காலத்து வழமை. ஆண் இல்லாத வீட்டுக்குப் பங்கில்லை என்பதால் அத்தாயி இந்தப் பக்கம் வந்தே வருஷக்கணக்காகிறது.

“அடடே, வாங்க வாங்க! நாய்களெல்லாம் சௌக்கியமா?” என்று கீழே நின்ற ஒருத்தி இழுத்தாள்.

“உங்க ஊட்டு நாயும் சௌக்கியந்தான். மொட்டை உன்னைக் கேட்டுச்சு” என்றாள் அத்தாயி. கேட்டவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஊர்க்கவுண்டர் அப்பாசாமியின் மனைவி பாப்பாயி மட்டும் சிரிக்கவில்லை. கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, “இப்படி நிழலுக்கு வா கண்ணு” என்று இடம் விட்டாள்.

மேலே பன்றியை வாட்டி அறுத்து, தேக்கிலைகளில் கூறு போட்டிருந்தார்கள். சாமி பங்கு முடிந்தது. ஆள் பங்கும் முடிந்தது. இனி நாய்ப் பங்கு. பன்றியின் கோரைப் பல் பட்டு ரத்தம் சிந்திய நாய்க்கு, வேட்டைக்கு வந்தாலும் வராவிட்டாலும், சாகிறவரை ஒரு கூறு உண்டு. அதற்குக் காயப் பங்கு என்று பெயர். பங்கு கூறும் செல்லமுத்து பெயரைச் சொல்லி “இருக்குதா?” என்பான். நாய்க்குடையவன் “உசுரோட இருக்குது!” என்று சாமி கேட்கச் சொல்லிவிட்டு இலையை எடுத்துக்கொள்வான்.

“செங்கோடன் ஊட்டுச் சூரன்! இருக்குதா?”

அத்தாயிக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

“உசுரோட இருக்குது!” என்று கணீரென்று ஒரு குரல். செங்கோடன்! அவள் புருஷனுக்குச் சித்தப்பா மகன். சூரனைக் கல்லால் எறிந்து, அது கல் பட்ட நெற்றியோடு ஓடைச் சேற்றில் கிடந்தபோது “செத்தா சாகட்டும்” என்று அந்த வழியாகவே நடந்துபோன அதே செங்கோடன்.

அவன் குனிந்து இலையை எடுத்தான்.

“வெய்யிடா கீழே!”

பெண் குரல் பாறையில் பட்டு எதிரொலித்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

“யாருடா அது? பொம்பளைக்குப் பாறையில என்ன பேச்சு?” என்றார் ஒரு பெரியவர்.

“நான் பாறையில ஏறலீங்க. மண்ணுல நின்னுதான் பேசறேன். செங்கோடா, சூரன் எங்கடா இருக்குது?”

செங்கோடன் பல்லைக் காட்டினான். “உன் ஊட்டுலதான். உசுரோடதானே இருக்குது? நான் என்ன பொய்யா சொன்னேன்?”

மேலே கொல்லென்று சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் அத்தாயிக்கு முழுக் கதையும் விளங்கியது. இன்றைக்கு மட்டுமில்லை. ஒவ்வொரு வேட்டையிலும், அங்கே அவள் வெறுங்கூழைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருக்க, இங்கே சூரன் பெயரைச் சொல்லி இவன் கறி வாங்கித் தின்றிருக்கிறான். சூரன் பெயரில் இவன் என்றால், மொட்டை பெயரில்? கட்டாரி பெயரில்? சிரித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிப்பு சட்டென்று அடங்கியது.

அவள் சட்டியைப் பாப்பாயியின் காலடியில் வைத்துவிட்டுச் சாமைக் காட்டுக்குள் விறுவிறுவென்று நடந்தாள்.

“போயிட்டா. நீ கூப்பிடப்பா அடுத்தது” என்றான் செங்கோடன்.

செல்லமுத்து கத்தியைத் தீட்டி முடித்து, அடுத்த பெயரைக் கூப்பிடத் தொண்டையைக் கனைப்பதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். தோளில் ஆட்டுக்குட்டியைப் போடுவதுபோலச் சூரனைப் போட்டுக்கொண்டு வந்தாள். எலும்பும் தோலுமாய் இருந்தாலும் வேட்டை நாயின் உடம்பு. அவளுக்கு மூச்சு இரைத்தது. பாறை விளிம்பில் அதை இறக்கி நிறுத்தினாள்.

“பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க. வந்திருக்குது. பொம்பளைதான் ஏறக்கூடாது. காயம் பட்ட நாய் ஏறலாமில்ல?”

சூரன் மூக்கைத் தரையோடு வைத்து, மூன்று காலில் தத்தித் தத்தி ஏறியது. வழியில் ஒருத்தன் காலில் முட்டிக்கொண்டது. கடைசியில் செங்கோடனின் இலைக்கு வந்து நின்றது. ஒரு துண்டைக் கவ்வியது. ஈறுகளால் இப்படியும் அப்படியும் புரட்டியது. துண்டு நழுவி விழுந்தது. மறுபடி தேடிக் கவ்வியது. மறுபடி விழுந்தது.

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

“சிரிங்க! நல்லாச் சிரிங்க!” என்று கத்தினாள் அத்தாயி. “உங்க காட்டுல ராத்திரி முழுக்கப் பன்னியை மறிச்சு நின்னப்ப அதுக்குப் பல்லு இருந்துச்சு. அந்தப் பல்லு உங்க சாமையைக் காப்பாத்தித்தான் போச்சு. இப்பப் பல்லு இல்லாத நாய் பேருல பல்லு இருக்கிறவன் தின்னுறான். பன்னி கூட மண்ணைத்தாண்டா திங்குது. நீங்க நாய் வாயில இருக்கிறதைப் புடுங்கித் திங்கறீங்க!”

“ஏய், நாக்கை அடக்கு!” செங்கோடன் பாய்ந்து வந்தான். “குட்டியில பால் ஊத்தி வளத்தது நான். என் நாய், என் பங்கு. நாலு நாள் கஞ்சி ஊத்தினா உனக்குச் சொந்தமாயிருமா? டேய் சூரா!”

அந்தக் குரலைக் கேட்டதும் நடந்ததுதான் அத்தாயியால் பொறுக்க முடியாதது. சூரன் இலையை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பியது. காதுகள் பின்னால் படிந்தன. வால் ஆடியது. மெதுவாக ஆரம்பித்து, இடுப்பே ஒடிந்துவிடும் போல ஆடியது. முனகிக்கொண்டே தத்திப் போய் அவன் காலில் மூக்கை வைத்தது.

“பாத்தீங்களா! எல்லாரும் பாத்துக்கங்க!” என்று கூவினான் செங்கோடன். “கண்ணு தெரியாட்டியும் எசமானைத் தெரியுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

கூட்டத்தில் தலைகள் ஆடின. “நாய் பொய் சொல்லாதப்பா” என்றார் பெரியவர். செங்கோடன் தோளிலிருந்த துண்டை எடுத்து நாயின் கழுத்தில் கட்டினான். “இன்னையிலிருந்து என் ஊட்டுலயே கெடக்கட்டும். பங்கும் என்னோடது, நாயும் என்னோடது. வழக்குத் தீந்துச்சு!”

அத்தாயிக்குத் தெரியும். அவன் வீட்டுக்குப் போனால் சூரனுக்கு மூன்று நாள் ஆயுள்கூட இல்லை. இது போனால் நாளைக்கு மொட்டையைக் கேட்டு ஒருத்தன் வருவான். கட்டாரியைக் கேட்டு ஒருத்தன் வருவான். கறிக்காக அழைத்துப் போய்க் கல்லால் எறிவார்கள். அந்த வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நாயின் மேலேயே கோபம் வந்தது.

“கவுண்டரே!” என்று கூப்பிட்டாள்.

அப்பாசாமி துப்பாக்கியை மடியில் கிடத்தி, பாறையின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நேரமும் மீசையைத் தடவியபடி வேடிக்கை பார்த்தவர் இப்போதுதான் கண்ணைத் திருப்பினார். “என்னம்மா?”

“அவன் நாய்னா அவனே கூட்டிட்டுப் போகட்டுங்க. ஆனா பங்கு நாயோடது. நாய் பசியா இருக்குது. அதோட பங்குல ஒரு துண்டை அவன் கையால ஊட்டிட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நான் தெனமும் செய்யறதுதானுங்க. அவன் ஒரு நாள் செய்யட்டும்.”

“நியாயமான பேச்சு. ஊட்டுடா” என்றார் கவுண்டர்.

“இதென்னங்க பெரிய வேலை!” செங்கோடன் ஒரு துண்டை எடுத்து நாயின் வாயில் திணித்தான். சூரன் புரட்டியது, துப்பியது. மறுபடி திணித்தான்.

“இடிச்சுக் குடுக்கணும்” என்றாள் அத்தாயி கீழிருந்து.

“நீ சும்மா இரு!” அவன் விரலால் உள்ளே தள்ளினான். நாய்க்கு விக்கியது. கண்கள் பிதுங்கக் குமட்டி, கறியையும் எச்சிலையும் கோழையையும் அவன் கையிலும் வேட்டியிலுமாகக் கக்கியது.

ஆண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை.

“சனியனே!” என்று கையை ஓங்கி விட்டான் ஓர் அறை. சூரன் இரண்டு முழம் போய் விழுந்தது.

செல்லமுத்துவின் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. “பாறையில நாயை அடிச்சுட்டான்! சாமி பங்கு வெச்ச பாறையில நாயை அடிச்சுட்டான்!”

எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். நாய்களைப் பட்டினி போட்டதற்கு வராத ஆவேசம், பாறையில் ஓர் அறை விழுந்ததற்கு வந்துவிட்டது. அத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாசாமிக் கவுண்டர் எழுந்து நின்றார். ஊர் முழுக்க வாயைத் திறந்து தன்னைப் பார்க்கிற நேரம் அவருக்கு மிகவும் பிடித்த நேரம். துப்பாக்கியை ஊன்றிக்கொண்டார்.

“செங்கோடா, உனக்கு இன்னிக்கிப் பங்கு கெடையாது. ஆள் பங்கும் கெடையாது, நாய்ப் பங்கும் கெடையாது. நாய் உன் நாயுமில்லை. கஞ்சி ஊத்தறவளோட நாய் அது.” குரலை உயர்த்தினார். “அது மட்டும் போதாது. நன்றி கெட்ட ஊருக்கு மழை பெய்யாது. இன்னையிலிருந்து நான் ஒரு ஊர்க்கட்டு வெக்கிறேன். சோறு போடாத நாய் பேரைச் சொல்லி இந்தப் பாறையில பங்கு வாங்கறவன் எவனா இருந்தாலுஞ்சரி, அவன் ஊட்டு வேட்டைப் பங்கு அத்தனையும் ஒரு வருசத்துக்கு அத்தாயி சட்டிக்குப் போகும். ரத்தமும் போகும், எலும்பும் போகும். அது பத்தலைன்னா அவன் குதிர்ல இருந்து தானியமும் போகும். கெழட்டு நாய்க அதுல பொழைக்கட்டும். எவனா இருந்தாலுஞ்சரி. நானா இருந்தாலுஞ்சரி! என்ன சொல்றீங்க?”

“அப்படியே ஆகட்டுங்க!” என்றது ஊர். மறுத்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்?

செங்கோடன் துண்டைக்கூட எடுக்காமல் பாறையின் அந்தப் பக்கமாக இறங்கிப் போனான். சூரன் அவன் போன திசையில் மூக்கை நீட்டியது. செல்லமுத்து அதைத் தூக்கிக் கீழே அத்தாயியின் கையில் கொடுத்தான்; இலையையும் கொடுத்தான். பிறகு மேலே ஏறித் தொடர்ந்து கூப்பிட்டான்.

“மொட்டை! இருக்குதா?”

மொட்டைக்கு உடையவன் தலையைச் சொறிந்தான். “அது… அத்தாயி ஊட்டுல இருக்குதுங்க.”

“கட்டாரி!”

“அதுவும் அங்கதானுங்க.”

இலைகள் கீழே இறங்கி வந்தன. சட்டி நிறைந்தது. ஒரு வாரத்துக்குப் போதும். அதற்கப்புறம்? சோளமோ சாமையோ வீட்டுக்கு வர இன்னும் எத்தனையோ நாள் கிடக்கிறது. “எப்படி இருக்குதுன்னு ஒருத்தனாவது கேட்டானா பாத்தியா?” என்று சூரனின் காதில் முணுமுணுத்தாள் அத்தாயி. வீங்கத் தொடங்கியிருந்த அதன் தாடையை முந்தானையால் ஒற்றினாள்.

கடைசிக் கூறு எப்போதும் ஊர்க்கவுண்டருடையது. ஊருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தனக்கு என்று அவர் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். துப்பாக்கிப் பங்கு, கவுண்டர் பங்கு இரண்டும் ஏற்கெனவே அவர் காலடியில் குவிந்திருந்தன. மிஞ்சியது ஒரே ஓர் இலை.

“ஊர்க்கவுண்டர் ஊட்டுச் செவலை! இருக்குதா?”

“உசுரோட இருக்குது!” என்றார் அப்பாசாமி, மலை கேட்க.

அத்தாயிக்குச் செவலையை நன்றாகத் தெரியும். ஒரு காது கிழிந்த சிவப்பு நாய், சூரனுக்கு மூத்தது. அதை வெளியில் பார்த்து நாளாயிற்று. கவுண்டர் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தாள். இந்த ஊரில் ஒரு வீட்டிலாவது ஒரு கிழட்டு நாய் மரியாதையாய்க் கிடக்கிறதே! பக்கத்தில் நின்ற பாப்பாயியின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க ஒருத்தராவது வெச்சுப் பாக்கறீங்களே அக்கா. அதுக்கும் பல்லு போயிருக்குமே? கறியை முழுசாப் போட்டுறாதீங்க. உரல்ல இடிச்சுக் கரைச்சு ஊத்துங்க. எண்ணெய் வேணும்னா நான் தாரேன்.”

பாப்பாயி வெறுங்கூடையைப் பார்த்தாள். மேலே கவுண்டர் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு, “என்ன அங்க பேச்சு? கூடையைக் கொண்டா!” என்று அதட்டினார்.

பாப்பாயி கூடையைக் கொண்டுபோகவில்லை. அதைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்து, ஊரே கேட்கும்படிக் கேட்டாள்:

“ஏனுங்க, செவலையைப் போன கார்த்திகையில நீங்களே கழுத்துல கல்லைக் கட்டி மடுவுல எறிஞ்சுட்டு வந்தீங்களே, அது எப்பங்க உசுரோட திரும்பி வந்துச்சு?”